யாரோடு யார் ஆடுவது?

இண்டியானாவின் பள்ளிக் கூடைப்பந்தும், திறந்து மூடும் கூட்டமைப்புக் கதவுகளும்

1955 மார்ச் 19. சனிக்கிழமை இரவு. இண்டியானபொலிஸ் நகரத் தெருவில் ஒரு தீயணைப்பு வண்டி மெல்ல ஊர்ந்து வருகிறது. அதன்மேல் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் தொற்றிக்கொண்டு நிற்கிறார்கள். அத்தனை பேரும் கறுப்பினப் பிள்ளைகள். சற்று முன்புதான் பட்லர் பல்கலைக்கழக உள்ளரங்கில், கேரி ரூஸ்வெல்ட் பள்ளியை 97-74 என்று வீழ்த்தி, மாநிலக் கூடைப்பந்துக் கோப்பையைத் தூக்கியிருக்கிறார்கள். பள்ளியின் பெயர் கிறிஸ்பஸ் அட்டக்ஸ்.

நகரத்தின் நடுவே போர் நினைவுத்தூண் நிற்கும் வட்டம் இருக்கிறது. ஜெயித்த அணிக்குக் கொண்டாட்டம் அங்கேதான் என்பது ஊர் வழக்கம். வண்டி அந்த வட்டத்தை ஒருமுறை சுற்றியது. நிற்காமல் வடமேற்கே திரும்பி, கறுப்பர்கள் குடியிருக்கும் பகுதிக்குப் போய் ஒரு பூங்காவில் நின்றது. அங்கே தீ மூட்டி, பாடி, ஆடி மக்கள் பிள்ளைகளைக் கொண்டாடினார்கள். அணியின் நட்சத்திரம் ஆஸ்கர் ராபர்ட்சனுக்கு அப்போது வயது 16. பாதியிலேயே கூட்டத்தை விட்டுக் கிளம்பித் தந்தையின் வீட்டுக்குப் போய்விட்டார். நகரம் தங்களை நடுவில் நிற்க விட விரும்பவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. பின்னாளில் அமெரிக்கக் கூடைப்பந்தின் மாபெரும் ஆட்டக்காரர்களில் ஒருவரான பிறகும், அந்த இரவின் வலியை அவர் மறைத்ததில்லை.

அதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன் ஜெயித்தது மைலன் என்ற கிராமத்துப் பள்ளி. மாணவர்கள் 161 பேர். மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை, கடைசி நொடிகளில் பாபி ப்ளம்ப் போட்ட பந்தில் 32-30 என்று சாய்த்தது. அந்தப் பையன்களின் கார்கள் அதே வட்டத்தைச் சுற்றிக் கொண்டாடின. மறுநாள் ஊர் திரும்பியபோது சாலையோரம் மைல்கணக்கில் வண்டிகள். ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் கிராமத்தில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். 1986-இல் வந்த ‘ஹூசியர்ஸ்’ திரைப்படம் மைலனின் கதையிலிருந்து பிறந்தது. உலகம் அறிந்த இண்டியானா அந்தப் படத்தின் இண்டியானாதான்.

கோப்பை யாருக்கு என்பது மார்ச் மாதத்துக் கேள்வி. நவம்பரில் பருவம் தொடங்கிப் பனி கொட்டும் பிப்ரவரி முடியும் வரை வேறொரு கேள்விதான் ஆள்கிறது: யாரோடு யார் ஆடுவது? மைலனையும் அட்டக்ஸையும் பிரித்தது அந்தக் கேள்வி. எழுபது ஆண்டுகள் கழிந்தும் அது தீரவில்லை. இன்று இண்டியானாவின் பள்ளிகளைக் கிளப்பிவிட்டு இடம் மாற்றுவதும் அதுவேதான்.

வெள்ளிக்கிழமை இரவுகளை ஆள்வது யார்?

நம் ஊர்ப் பள்ளி விளையாட்டில் குறுவட்டம், மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று ஏறுகிறோம். எந்தப் பள்ளி எந்தக் குறுவட்டம் என்பதைக் கல்வித்துறை சொல்லிவிடும். இண்டியானாவிலும் மாநிலப் போட்டிக்கு இப்படிப் படிகள் உண்டு; அவற்றை மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் வகுக்கிறது. 1903-இல் தோன்றிய சங்கம் அது. ஆண்களுக்கான முதல் மாநிலப் போட்டி 1911-இல் நடந்தது. கிராஃபர்ட்ஸ்வில் பள்ளி வென்றது.

ஆனால் ஒரு பருவத்தின் இருபதுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் பெரும்பகுதி மாநிலப் போட்டிக்கு வெளியே நடக்கிறது. அவற்றில் பலவற்றை நடத்துவது ‘கான்ஃபரன்ஸ்’ எனப்படும் வட்டாரக் கூட்டமைப்புகள். ஏழெட்டுப் பத்துப் பள்ளிகள் தாமாகக் கூடி அமைத்துக்கொண்ட சங்கங்கள் இவை. யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்பதை உறுப்புப் பள்ளிகளின் முதல்வர்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். பெயர்களைப் பாருங்கள்: ஒஹையோ ரிவர் வேலி, வபாஷ் ரிவர், படோக்கா லேக். ஆறும் ஏரியும் எல்லை வகுத்த காலத்தின் அடையாளங்கள்.

கூட்டமைப்பில் இருக்கும் பள்ளிக்கு என்ன லாபம்? எட்டுப் பள்ளிகள் இருந்தால் ஏழு ஆட்டங்களுக்கு ஆண்டுதோறும் தேதி தேட வேண்டாம். கூடைப்பந்துக்கு மட்டுமல்லாமல் கால்பந்து, கைப்பந்து, தடகளம், மல்யுத்தம் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு தயார். எதிரணி ஊர் பக்கத்தில் இருந்தால் இரண்டு ஊர்க்காரர்களும் வருவார்கள். நுழைவுச்சீட்டுக் காசு விழும். அந்தக் காசில்தான் கூட்டமே வராத மற்ற விளையாட்டுகளும் பிழைக்கின்றன. அப்பா ஆடிய அணிக்கு எதிராகவே மகனும் ஆடுவான். இதைப் பணத்தால் அளக்க முடியாது. ஊருக்கும் ஊருக்கும் இடையே உறவைக் கட்டிக் காப்பது இதுதான்.

கூட்டமைப்புக்கு வெளியே நிற்கும் பள்ளியின் விளையாட்டு இயக்குநர் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தொலைபேசியில் கெஞ்ச வேண்டும். ‘எங்கள் அட்டவணை நிரம்பிவிட்டது’ என்ற பதிலைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். கிடைத்த இடத்துக்குப் பேருந்தில் பல மணிநேரம் போக வேண்டும்.

கிறிஸ்பஸ் அட்டக்ஸ் அதைத்தான் செய்தது.

பதினைந்து ஆண்டுப் பூட்டு

1920-களில் இண்டியானாவில் கு கிளக்ஸ் கிளான் இயக்கம் கொடிகட்டிப் பறந்தது. அந்தக் காலத்தில்தான் இண்டியானபொலிஸ் கல்வி வாரியம் கறுப்புப் பிள்ளைகளைத் தனியே பிரித்து வைக்க ஓர் உயர்நிலைப் பள்ளியைக் கட்டியது. 1927-இல் அது திறந்தது. அதுவரை நகரத்தின் மற்ற உயர்நிலைப் பள்ளிகளில் படித்துவந்த கறுப்பு மாணவர்களும் இங்கே திருப்பப்பட்டார்கள். அமெரிக்க விடுதலைக் கிளர்ச்சியில் முதலில் உயிர்நீத்தவராகப் போற்றப்படும் கறுப்பர் கிறிஸ்பஸ் அட்டக்ஸ். அவர் பெயர் பள்ளிக்கு வைக்கப்பட்டது.

மாநிலச் சங்கம் இந்தப் பள்ளியைச் சேர்க்கவில்லை. சங்கத்தின் ஆணையர் ஆர்தர் ட்ரெஸ்டர் சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: எல்லா மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளாத பள்ளி பொதுப்பள்ளி ஆகாதாம்! வெள்ளைப் பிள்ளைகள் இல்லாதபடி அந்தப் பள்ளியை அமைத்தது நகரம். அந்தக் குற்றத்துக்கான தண்டனையைக் கறுப்புப் பிள்ளைகள் சுமந்தார்கள். கத்தோலிக்கப் பள்ளிகளும் இப்படியே வெளியே நின்றன. 1942-இல்தான் பூட்டு திறந்தது.

அதுவரை அட்டக்ஸ் யாரோடு ஆடியது? கேரி ரூஸ்வெல்ட், எவன்ஸ்வில் லிங்கன் போன்ற கறுப்பர் பள்ளிகளோடு. லூயிவில், செயின்ட் லூயிஸ் என்று அண்டை மாநிலங்களுக்குப் போய். பூட்டு திறந்த பிறகும் பெரிய பள்ளிகள் உடனே தேதி கொடுக்கவில்லை. கூப்பிட்டவை சின்னஞ்சிறு கிராமத்துப் பள்ளிகள். அட்டக்ஸ் வந்தால் அரங்கம் நிறையும் என்பதால் கூப்பிட்டார்கள். ஆட்டம் பார்க்கக் கூட்டம் வரும். ஆனால் ஆட்டம் முடிந்து பையன்கள் பசியோடு உணவகத்துக்குப் போனால் உள்ளே விட மாட்டார்கள். கட்டிக்கொண்டு வந்ததைப் பேருந்திலேயே சாப்பிட்டார்கள். அட்டக்ஸின் உடற்பயிற்சிக் கூடமோ மிகச் சிறியது. பெரிய ஆட்டம் எதையும் சொந்தப் பள்ளியில் நடத்த முடியாது. ஒரு வகையில் பருவம் முழுக்க அது வெளியூர் அணிதான்.

1950-இல் ரே க்ரோ பயிற்சியாளர் ஆனார். அதுவரை, வெள்ளை அணிகளோடு ஆடும்போது மேலே பட்டுவிடாமல், நடுவரிடம் வாய் திறக்காமல், ஒதுங்கி ஆட வேண்டும் என்பதே பையன்களுக்குச் சொல்லப்பட்ட பாடம். க்ரோ ஒழுக்கத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் முழு வேகத்தில் ஆடச் சொன்னார். 1951-இல் பலம்வாய்ந்த ஆண்டர்சன் பள்ளியை 81-80 என்று கடைசி நொடியில் வீழ்த்தி, மாநிலத்தின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக அட்டக்ஸ் வந்து நின்றது. அந்தக் கடைசிப் பந்தைப் போட்டவர் ஆஸ்கரின் அண்ணன் பெய்லி ராபர்ட்சன். 1955-இல் மன்சி சென்ட்ரலை 71-70 என்று தாண்டிக் கடைசி நான்குக்குள் போய்க் கோப்பையை வென்றபோது, நாட்டிலேயே எல்லோருக்கும் பொதுவான ஒரு மாநிலப் போட்டியை வென்ற முதல் கறுப்பர் பள்ளி என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. எதிரே நின்ற கேரி ரூஸ்வெல்ட்டும் கறுப்பர் பள்ளிதான். அந்த அணியில் ஆடிய டிக் பார்னெட் பிற்பாடு நியூயார்க் நிக்ஸ் அணிக்காக என்பிஏ பட்டம் வென்றார். 1956-இல் அட்டக்ஸ் 31 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் மறுபடி கோப்பையைத் தூக்கியது. இண்டியானா வரலாற்றில் தோல்வியே காணாத முதல் சாம்பியன் அதுதான்.

பின்விளைவுதான் இந்தக் கதையில் கனமான பகுதி. அட்டக்ஸின் ஆட்டத்தைப் பார்த்த மற்ற பள்ளிகளுக்குக் கறுப்பு ஆட்டக்காரர்கள் திடீரென்று வேண்டியவர்கள் ஆனார்கள். பிள்ளைகள் பல பள்ளிகளுக்குப் பிரிந்தார்கள். 1959-இல் மூன்றாவது கோப்பைக்குப் பிறகு அட்டக்ஸ் தேய்ந்தது. 1986-இல் அது உயர்நிலைப் பள்ளி என்ற தகுதியையே இழந்து நடுநிலைப் பள்ளியானது. இருபது ஆண்டுகள் கழித்து, 2006-இல் மீண்டும் உயர்நிலைப் பள்ளியாக்கப்பட்டது. 2017-இல் அடுத்த கோப்பை வந்தது. ஒரு சமூகம் தன் கையால் வளர்த்த நிறுவனத்துக்குச் சம உரிமை கிடைக்கும்போது அந்த நிறுவனமும் பிழைத்திருக்க வழி செய்ய வேண்டும் என்பதை இண்டியானபொலிஸ் மறந்துவிட்டது.

■ பெட்டிச் செய்தி: எண்களில் இண்டியானா

▪ 1938-இல் மாநிலப் போட்டியில் கலந்துகொண்ட பள்ளிகள்: 787. இதுவே உச்சம்.
▪ எல்லோருக்கும் ஒரே கோப்பை என்ற முறையின் கடைசி ஆண்டான 1997-இல்: 382.
▪ 1990 இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள்: 41,046 பேர். டேமன் பெய்லியின் பெட்ஃபர்ட் நார்த் லாரன்ஸ் அணி கான்கார்டை 63-60 என்று வென்றது.
▪ அதிக முறை சாம்பியன்: மன்சி சென்ட்ரல், மேரியன் - தலா 8.
▪ ஒரே கோப்பை முறையில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றவை: ஃப்ராங்க்ளின் (1920-22), மேரியன் (1985-87).
▪ இன்றும் எல்லாப் பள்ளிக்கும் ஒரே கோப்பை வைத்திருக்கும் மாநிலங்கள்: கென்டக்கி, டெலவேர்.

கிராமங்கள் கரைந்தன

787 எப்படி 382 ஆனது? சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1959-இல் மாநில அரசு பள்ளி நிர்வாகங்களைச் சீரமைக்கும் சட்டம் கொண்டுவந்தது. சிறு கிராமத்துப் பள்ளிகள் இரண்டு மூன்றாக இணைக்கப்பட்டன. ஆய்வகம், நூலகம், தகுதியான ஆசிரியர்கள் என்று பிள்ளைகளுக்கு நன்மை கிடைத்தது. அதை மறுக்க முடியாது. கூடவே ஊருக்கு ஓர் அணி, அணிக்கு ஒரு பெயர், ஒரு நிறம் என்பதெல்லாம் போயின. ஊரின் பெயர் பலகையில் மட்டும் மிஞ்சியது.

எல்லா இணைப்பும் இழப்பாக முடியவில்லை. ஃப்ரெஞ்ச் லிக், வெஸ்ட் பேடன் என்ற பக்கத்துப் பக்கத்து ஊர்கள் 1957-இல் தம் பள்ளிகளை ஒன்றாக்கி ‘ஸ்ப்ரிங்ஸ் வேலி’ பள்ளியைத் தொடங்கின. முதல் பருவத்திலேயே அந்த அணி தோல்வியே இல்லாமல் மாநிலத்தின் கடைசி நான்குக்குள் போனது. நேற்றுவரை எதிரும் புதிருமாக இருந்த இரண்டு ஊர்கள் ஒரே அணிக்குக் கத்தின. அந்தப் பள்ளியில் 1974-இல் படித்து முடித்த ஒரு பையனை உலகம் லேரி பேர்ட் என்று அறியும்.

ஒன்று நான்கானது

1996 ஏப்ரலில் மாநிலச் சங்கத்தின் குழு 12-5 என்று ஒரு முடிவெடுத்தது. இனி எல்லோருக்கும் ஒரே கோப்பை கிடையாது. மாணவர் எண்ணிக்கையை வைத்து நான்கு பிரிவுகள், நான்கு கோப்பைகள். 1997-98 பருவத்தில் நடைமுறைக்கு வந்தது. பாபி ப்ளம்ப் கடுமையாக எதிர்த்தார். 161 பேர் படித்த பள்ளியிலிருந்து வந்து சரித்திரம் படைத்தவருக்கு, அடுத்த மைலனுக்கு வழியே அடைபடுகிறது என்ற வேதனை. முதல் ஆண்டிலேயே மாநிலப் போட்டிக்கு வரும் கூட்டம் குறைந்தது. ‘நான்கு சாம்பியன் என்றால் சாம்பியனே இல்லை’ என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை.

நான் இதில் மாற்றத்தின் பக்கம்தான் நிற்பேன். 1954-க்குப் பிறகு 43 ஆண்டுகள் ஒரே கோப்பை முறை நீடித்தது. அத்தனை ஆண்டுகளில் மைலன் அளவுள்ள பள்ளி ஒன்றுகூட மறுபடி ஜெயிக்கவில்லை. லூகூட்டி என்ற சிறிய ஊரின் பள்ளி 1975-இல் இறுதிவரை வந்து மேரியனிடம் தோற்றது. அந்த ஊர் தன் முதல் கோப்பையைப் பார்த்தது 2012-இல், மிகச்சிறிய பள்ளிகளுக்கான பிரிவில். அதன் பக்கத்து ஊர்ப் போட்டியாளரான பார்-ரீவ் 2015-இலும் 2021-இலும் வென்றது. இரண்டும் ‘ப்ளூ சிப்’ என்ற சிறு கூட்டமைப்பில் ஆண்டுதோறும் மோதிக்கொள்ளும் பள்ளிகள். ஒரு மைலனின் நினைவுக்காக இந்தப் பிள்ளைகளின் கையிலிருந்து கோப்பையைப் பறிப்பது நியாயமில்லை.

ஆனால் கொடுத்த விலையும் பெரிது. பழைய முறையில் மாநிலப் போட்டியின் முதல் கட்டத்தில் பக்கத்து ஊர்கள் எல்லாம் ஒரே அரங்கில் கூடும். சிறியது பெரியது என்ற கணக்கு கிடையாது. இப்போது சிறிய பள்ளி தன்னைப்போன்ற இன்னொரு சிறிய பள்ளியைத் தேடிப் பல ஊர்களைத் தாண்டிப் போகிறது; பக்கத்துப் பெரிய பள்ளியின் வாசலைக் கடந்து போகிறது, உள்ளே போவதில்லை. அண்டை ஊர்கள் சந்திக்க மார்ச்சில் இருந்த கதவு இப்படிச் சாத்தப்பட்டதால், கூட்டமைப்பின் வெள்ளிக்கிழமைகள் முன்னைவிட முக்கியமாயின. சரியாக அதே காலத்தில்தான் கூட்டமைப்புகள் உடையத் தொடங்கின.

ஆலை போனது, அரங்கம் காலியானது

நார்த் சென்ட்ரல் கான்ஃபரன்ஸ். இண்டியானாவில் இந்தப் பெயரைச் சொன்னால் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1926-இல் உருவான கூட்டமைப்பு. ஆண்டர்சன், மன்சி, மேரியன், கோக்கோமோ, லஃபயெட், லோகன்ஸ்போர்ட், ரிச்மண்ட், நியூ காஸில்: எல்லாம் தொழில் நகரங்கள். மாநிலக் கோப்பைகளை இந்தக் கூட்டமைப்புப் பள்ளிகள் அளவுக்கு வேறெந்தக் கூட்டமைப்பும் குவித்ததில்லை.

இந்த ஊர்களைக் கார்களும், கார்களுக்கான பாகங்களும் வாழவைத்தன. ஆண்டர்சனில் ஜெனரல் மோட்டார்ஸின் டெல்கோ ரெமி, கைடு லேம்ப் ஆலைகளில் உச்சக் காலத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். காசு புழங்கிய ஊர்கள் பள்ளிகளுக்கு அரங்கம் கட்டின, அதுவும் எப்படி! 1959-இல் திறந்த நியூ காஸில் அரங்கம் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் உட்காரும்படி கட்டப்பட்டது. நாட்டின் மிகப்பெரிய பள்ளி அரங்கம் என்று ஊர் பெருமை கொள்வது அதைத்தான். தரைமட்டத்தில் நுழைந்தால் ஆடுகளம் கீழே கிண்ணத்தின் அடியில் தெரியும். அங்கே வளர்ந்த ஸ்டீவ் ஆல்ஃபர்ட் 1983-இல் மாநிலப் போட்டியின் ஓர் ஆட்டத்தில் 57 புள்ளிகள் எடுத்தார். ஆண்டர்சனின் ‘விக்வாம்’ அரங்கம் 1961-இல் எழுந்தது. அதிலும் ஏறக்குறைய ஒன்பதாயிரம் இருக்கை. ஊரில் மூன்று உயர்நிலைப் பள்ளிகள் இருந்தன. மூன்றுக்கும் ஆட்கள் இருந்தார்கள்.

பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. 1970-இல் ஆண்டர்சனின் மக்கள்தொகை எழுபதாயிரத்துக்கு மேல். 2020-இல் ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் கீழ். மேடிசன் ஹைட்ஸ் பள்ளி 1997-இல் மூடப்பட்டது. ஹைலேண்ட் 2010-இல் நடுநிலைப் பள்ளியாகக் குறைந்தது. 2011-இல் செலவைத் தாங்க முடியாமல் விக்வாமையே பூட்டினார்கள். ஊரே கூடிய இடத்தில் விளக்கு அணைந்தது. மன்சியில் 2014-இல் சவுத்சைடு உயர்நிலைப் பள்ளி முடிவுக்கு வந்தது. அத்தனை பிள்ளைகளும் மன்சி சென்ட்ரலுக்கு வந்தார்கள். 2017-இல் மன்சியின் 1928-ஆம் ஆண்டு அரங்கின் கூரையைப் புயல் பிய்த்தது. அந்த ஊர் விடவில்லை, சீரமைத்துத் திறந்தது. அதற்காக மன்சி மக்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

வடக்கே, சிகாகோவை ஒட்டிய எஃகு நகரங்களிலும் இதே நிலைதான். 1960-இல் 1,78,000 பேர் வாழ்ந்த கேரியில் 2020-இல் எழுபதாயிரம் பேர்கூட இல்லை. 1955-இன் இறுதியில் ஆடிய, 1991-இல் க்ளென் ராபின்சனோடு கோப்பை வென்ற ரூஸ்வெல்ட் பள்ளி 2020-இல் மூடப்பட்டது. பக்கத்து ஈஸ்ட் சிகாகோவில் ரூஸ்வெல்ட்டும் வாஷிங்டனும் 1970, 1971 என்று அடுத்தடுத்துத் தோல்வியே இல்லாமல் சாம்பியன் ஆன பள்ளிகள். 1986-இல் இரண்டையும் இணைத்துவிட்டார்கள்.

பிள்ளைகள் குறையக் குறைய, சமமான எதிரணி என்ற கணக்கு குலைந்தது. நியூ காஸில் 2013-இல் நார்த் சென்ட்ரலை விட்டு, தன் அளவுள்ள பள்ளிகள் இருக்கும் இன்னொரு கூட்டமைப்புக்குப் போனது. எண்பத்தேழு ஆண்டு வரலாறு கொண்ட கூட்டமைப்புக்கு இது சாதாரண இழப்பா? அங்கே இடம் காலியானது. இண்டியானபொலிஸ் நகரத்துக்குள்ளிருந்து ஆர்சனல் டெக் வந்து சேர்ந்தது. இன்னும் பழைய வரைபடத்தையே பிடித்திருக்கும் பள்ளிகளுக்குத் தூரம் ஒரு சுமை. லோகன்ஸ்போர்ட்டிலிருந்து ரிச்மண்ட் நூறு மைலுக்கு மேல். ஆட்டம் முடிந்து பேருந்து ஊர் திரும்ப நள்ளிரவாகும். ஒரு காலத்தில் இந்தப் பகுதி ஊர்கள் பலவற்றை மின்சார ரயில் இணைத்திருந்தது. 1940-களோடு அது போயிற்று.

ஆண்டர்சனில் ஒரு தாத்தா பேரனுக்கு என்ன கொடுக்க முடியும்? வேலை செய்த ஆலையைக் காட்ட முடியாது. கத்திய அரங்கம் இன்று பள்ளியின் சொந்த அரங்கம் இல்லை. மன்சியோடும் கோக்கோமோவோடும் ஆடும் அந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் மிச்சமிருக்கிறது. கூட்டமைப்பு உடைந்தால் அதுவும் போகும். இந்தச் சேதத்தை எந்த அட்டவணையிலும் குறிக்க மாட்டார்கள்.

பலசாலிகளுக்கும் இடமில்லை

ஆலை நகரங்கள் சுருங்கியபோது இண்டியானபொலிஸைச் சுற்றிய புறநகரங்கள் வீங்கின. கார்மல் பள்ளியில் ஐயாயிரம் பிள்ளைகளுக்கு மேல் படிக்கிறார்கள். கூடைப்பந்தில் ஐந்து மாநிலக் கோப்பைகள். நீச்சலில் அந்தப் பள்ளியை யாரும் நெருங்க முடியாது. இந்தப் புறநகர்ப் பள்ளிகள் பல சேர்ந்து 2000-இல் ‘ஹூசியர் க்ராஸ்ரோட்ஸ்’ என்ற புதுக் கூட்டமைப்பைத் தொடங்கின. இன்று மாநிலத்தின் பலம் பெரும்பாலும் அங்கேதான் குவிந்திருக்கிறது.

கார்மல் அதில் இல்லை. கார்மலும், அமெரிக்கக் கால்பந்தில் கொடிகட்டிப் பறந்த சென்டர் குரோவ் பள்ளியும் ‘மெட்ரோபாலிட்டன்’ கூட்டமைப்பில் இருந்தன. அங்கிருந்த மற்ற ஆறு பள்ளிகளும் இண்டியானபொலிஸ் நகரம் அடங்கிய மேரியன் கவுண்ட்டியில் இருப்பவை. இவை இரண்டு மட்டும் எல்லைக்கு வெளியே. சில ஆண்டுகளுக்கு முன் இந்த இரண்டும் வெளியேற வேண்டிய நிலை வந்தது. ஹூசியர் க்ராஸ்ரோட்ஸின் கதவைத் தட்டின. அங்கேயும் சேர்க்கவில்லை. மாநிலத்தின் மிகப்பெரிய பள்ளிகளில் இரண்டு எந்தக் கூட்டமைப்பிலும் இல்லாமல் தனியே நின்றன.

பணமும் பலமும் உள்ள பள்ளிக்கு இதனால் உயிர் போகாது. வெளிமாநிலம் போய் ஆடலாம். ஆனால் அவற்றின் பிள்ளைகளுக்கும் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளோடு ஆடும் உரிமை உண்டல்லவா? ஏழைப் பள்ளியைப் பலவீனம் என்று ஒதுக்குவதும் செல்வப் பள்ளியைப் பலம் என்று ஒதுக்குவதும் ஒரே பழக்கத்தின் இரண்டு முகங்கள். தனக்கு ஏற்றவரோடு மட்டும் ஆடுவேன் என்ற பழக்கம் அது.

மாநிலச் சங்கமும் தன்னால் முடிந்ததைச் செய்து பார்க்கிறது. தொடர்ந்து ஜெயிக்கும் பள்ளியை மேல் பிரிவுக்குத் தள்ளும் விதி 2012-இல் வந்தது. சிறிய பிரிவுகளில் தனியார் பள்ளிகள் கோப்பைகளைக் குவிக்கின்றன என்ற முறையீட்டுக்கு அது ஒரு பதில். 2025-இல் முதல்முறை பள்ளி மாறும் மாணவர் காத்திருக்காமல் ஆடலாம் என்று விதி தளர்ந்தது. பிள்ளைக்கு அது நல்லது. சுருங்கும் ஊரின் பள்ளிக்கு? இருக்கும் ஒரு நல்ல ஆட்டக்காரனும் பக்கத்துப் புறநகருக்குப் போக வழி திறந்தாயிற்று.

இருந்தும் பழைய ஊர்கள் முற்றாகத் தோற்றுவிடவில்லை. 2023-இல் மிகப்பெரிய பள்ளிகளுக்கான இறுதி ஆட்டத்தில் நின்றவை இரண்டு: 33 ஆட்டங்களில் தோல்வியே இல்லாத பென் டேவிஸ், எதிரே, காங்கோவில் பிறந்து வந்த ஃப்ளோரி பிடுங்கா ஆடிய கோக்கோமோ. 53-41 என்று பென் டேவிஸ் வென்றது. ஆனால் 1961-இல் கடைசியாகக் கோப்பையைப் பார்த்த ஒரு தொழில் நகரம் அன்று ஒரே குரலில் கத்தியது.

டெக்சாஸில் ஒரு வழி இருக்கிறது

பரிகாரம் இல்லாத நோய் இல்லை இது. டெக்சாஸைப் பாருங்கள். அங்கே எந்தப் பள்ளி எந்த வட்டாரத்தில் ஆடுவது என்பதைப் பள்ளி முதல்வர்கள் கூடி வாக்களித்து முடிவு செய்வதில்லை. மாணவர் எண்ணிக்கையையும் தூரத்தையும் கணக்கிட்டு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாநில அமைப்பே பிரித்துக் கொடுக்கிறது. குறைகள் உண்டு, ஒவ்வொரு முறையும் யாராவது புலம்புவார்கள். பல தலைமுறைப் போட்டிகள் ஒரே அறிவிப்பில் பிரிந்துபோவதும் நடக்கும். ஆனால் யாரும் கதவருகே காத்து நிற்பதில்லை. எல்லாப் பள்ளிக்கும் ஓர் இடம் உண்டு.

இண்டியானா அப்படியே அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நூறு ஆண்டுகளாக ஊர்கள் தாமே கட்டிய உறவுகளை ஓர் அலுவலகம் பேனாவால் அழிப்பதும் தவறுதான். கூட்டமைப்புகள் இருக்கட்டும். ஆனால் மாநிலச் சங்கம் இரண்டு விதிகளைச் செய்ய முடியும். கூட்டமைப்பில் இல்லாத எந்தப் பள்ளிக்கும் அருகில் உள்ள பள்ளிகள் ஆண்டுக்கு இத்தனை ஆட்டங்கள் கொடுத்தே தீர வேண்டும் என்பது ஒன்று. ஒரு பள்ளியை விலக்குவதானால், அதற்கு இடம் கிடைக்கும்வரை விலக்கக் கூடாது என்பது இன்னொன்று. நான்கு பிரிவுகளை வகுக்கவும், ஜெயித்தவரை மேலே தள்ளவும், மாணவர் பள்ளி மாறும் விதியைத் திருத்தவும் அதிகாரம் படைத்த சங்கத்துக்கு இது பெரிய காரியமில்லை.

1942-இல் அந்தச் சங்கம் அட்டக்ஸைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அதனோடு ஆடித்தான் ஆக வேண்டும் என்று எந்தப் பள்ளிக்கும் சொல்லவில்லை. அந்த விதி இண்டியானாவில் இன்றுவரை எழுதப்படவில்லை. எழுதப்பட வேண்டும்.